ட்ரம்பெட்டுக்கு முன்னாடி

உடம்பு சரியில்லாம வேலையை விட்டாராம். நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், அவர் நினைவு நாள் கச்சேரியில முதல் வரிசையில, அரக்குப் பட்டு கட்டிக்கிட்டு, மடியில இவங்க போர்த்தின பொன்னாடையை மடிச்சு வச்சுக்கிட்டு. மேடையில மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறானே பஸ்தியேன், என் வீட்டுக்காரர்கிட்ட வருஷக்கணக்கா பாடம் படிச்சவன், என் கையால வத்தக்குழம்பு சாப்பிட்டு மூக்கை உறிஞ்சிக்கிட்டே இன்னொரு கரண்டி கேட்டவன், அவன்தான் பிரெஞ்சுல சொல்றான், உடல்நலக் காரணம்னு. பக்கத்துல ஒரு அம்மா அதைத் தமிழ்ல எடுத்துச் சொல்றாங்க, "அன்னாரது உடல்நிலை நலிவுற்றமையால்"னு. நலிவாவது மெலிவாவது! எருமைக்கடா மாதிரி இருந்தாரு அப்ப. துரத்தினாங்கடா அவரை. ஏன்னு உனக்குத் தெரியாதா, நீயும்தானே அன்னிக்கு வயலின் கூட்டத்துல உட்கார்ந்திருந்தே? பிரான்ஸ்ல வடக்குக் கோடி, கரிச்சுரங்க ஊரு, அங்க இருந்த ஆர்க்கெஸ்ட்ராவை இவர் நடத்திக்கிட்டு இருந்தாரு, நான் நாலு சட்டை போட்டுக்கிட்டு நடுங்கிக்கிட்டே பின் வரிசையில இருந்தேன். சுரங்கத்துல வேலை செய்யறவங்க குடும்பத்தோட வந்திருந்தாங்க. முதல் பாகம் முடிஞ்சதும் அவங்க சந்தோஷத்துல கை தட்டிட்டாங்க. நடுவுல தட்டக்கூடாதாம், எல்லாம் முடிஞ்சப்புறம்தான் தட்டணுமாம், முன்னாடி உட்கார்ந்திருந்த கோட்டுக்காரங்க திரும்பி உஸ்ஸு உஸ்ஸுன்னு அடக்கினாங்க. இவர் என்ன பண்ணாரு, குச்சியைக் கீழ வச்சாரு, திரும்பினாரு, பின்னாடி இருந்த சுரங்கக்காரங்களைப் பார்த்துக் குனிஞ்சு வணக்கம் போட்டாரு. அப்புறம் கமிட்டித் தலைவர் வந்து கேட்டதுக்கு, "பிடிச்சிருக்குன்னு தட்டறாங்க, எதையாவது திருடிக்கிட்டா போறாங்க?"ன்னு சபையிலயே கேட்டுட்டாரு. அடுத்த வருஷம் வேலை இல்ல. இதுக்குப் பேர் நலிவுற்றமையா? மேடைக்குப் பின்னாடி பேனர்ல கொட்டை எழுத்துல அவர் பேரைப் போட்டிருக்கான், எத்தியேன் கெர்வெல், இசையமைப்பாளர், நடத்துநர். நானா அந்தப் பேரை வாயால சொன்னதில்ல, அதனால பேனரைக் காட்டறேன். நடத்துநராம்! எங்கப்பா, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கின சொல்தா, மாப்பிள்ளை கண்டக்டர்னு சொந்தக்காரங்ககிட்ட பெருமையா சொன்னப்போ எங்க பெரியப்பா கேட்டாரு, "எந்த ரூட்டு? விழுப்புரமா, கடலூரா?" இவர் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. அந்தச் சிரிப்பைப் பத்தி ஒரு வார்த்தை சொல்றானா பார், இந்தப் பஸ்தியேன்.

போகட்டும், பேச்சுல பொய் சொன்னா காத்தோட போயிடும். நான் பயப்படறது அதுக்கு இல்ல. இப்ப வாசிக்கப் போறானே, இவர் கடைசியா எழுதினது, அதுக்கு இவன் ஒரு வாலை ஒட்டியிருக்கான், அதுக்குத்தான் வயிறு எரியுது. மேல பாரு, கம்பியில மைக் மைக்கா தொங்குது, இன்னிக்கு வாசிக்கறதைத்தான் பதிவு பண்றாங்களாம், அப்புறம் அதையே அச்சடிச்சு உலகம் பூரா அனுப்பறாங்களாம். அச்சாயிட்டா அப்புறம் அதுதான் வேதம், நான் சாகற வரைக்கும் கத்தினாலும் எவன் கேட்பான்? ஒரே ஒரு வார்த்தையால வந்த வினை. கடைசிப் பக்கத்துல, கடைசி சுரத்துக்குக் கீழ, இவர் "வரேன்"னு எழுதி வச்சிருந்தாரு. தமிழ் பேசுவாரே ஒழிய எழுத வராது, அதனால இங்கிலீஷ் எழுத்துல எழுதினாரு. அவர் கையெழுத்தோ கோழி கிளறின மாதிரி, யோசிக்கிறப்போ பேனாவைத் தாள்ல குத்திக்கிட்டே இருப்பாரு, அந்தக் குத்துல ஒரு புள்ளி நடுவுல விழுந்துடுச்சு. வர், புள்ளி, என். பஸ்தியேன் அதைப் பார்த்துட்டான். பிரெஞ்சுல வரியாசியோன்னு ஒண்ணு உண்டு, ஒரே மெட்டை மாத்தி மாத்திப் போடறது, அதைச் சுருக்கி வர்னு எழுதிப் புள்ளி வைப்பாங்களாம். அதுக்கப்புறம் வர்ற "என்"னுக்குப் பிரெஞ்சுல "இன்ன சுருதியில"ன்னு அர்த்தமாம். ஆக, ஐயோ பாவம், மேதை "வரியாசியோன், இன்ன சுருதியில"ன்னு எழுத வந்து, எந்தச் சுருதின்னு எழுதறதுக்குள்ள உயிர் போயிடுச்சாம். அந்தக் குறையைத் தீர்க்க இவன் உட்கார்ந்து ஒரு வரியாசியோன் எழுதியிருக்கான், ட்ரம்பெட் வச்சு, டமாரம் வச்சு. நேத்து ஒத்திகையில போய் நின்னேன். "பஸ்தியேன், அது தமிழ்டா, வரேன், வீட்டை விட்டுக் கிளம்பறப்போ சொல்றது, அதோட முடிஞ்சுபோச்சு"ன்னு நல்ல பிரெஞ்சுலயே சொன்னேன். கையைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். "மதாம், எவ்வளவு அழகான எண்ணம்! ஆனா நிபுணர்கள் பார்த்துட்டாங்க." நிபுணர்கள்! அவரோட குடித்தனம் பண்ணது நானா, நிபுணர்களா? "அது மட்டும் இல்ல மதாம், அப்படியே விட்டா முடிஞ்சதுன்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? ஒருத்தரும் கை தட்ட மாட்டாங்க. அவரோட கடைசிப் படைப்பு, கைதட்டல் இல்லாமலா?" முப்பது வருஷம் பொண்ணுங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவ நான், தப்பா போட்ட கணக்கை அடிச்சுட்டுத் திரும்பப் போடச் சொல்லுவேன். மேடை ஏறி அடிக்க முடியுமா?

ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கு முன்னாடி அந்த அம்மா இன்னொண்ணும் சொன்னாங்க, "படைப்பு முழுமையாக நிறைவுறும் வரை கரவொலி எழுப்ப வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறோம்." யாரோட நினைவு நாள்ல யாரைத் தட்டாதேங்கறாங்க பாரு, எனக்கு அப்படியே உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வருது. வயலின் எல்லாம் ஒண்ணா கிளம்புது. இது எங்க வீட்டு மாடிப்படி, எனக்குத் தெரியும், யாரும் சொல்ல வேணாம். அந்த மாடியிலதான் வாடகைக்கு வந்தாரு, ரெண்டு வருஷம் இங்க புதுச்சேரியில பாட்டு ஸ்கூல்ல சொல்லிக் கொடுக்கறதுக்கு. சாயங்காலம் ஆனா ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு ஆள் இல்லாத ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ரெண்டு கையையும் வீசுவாரு. எங்கப்பா தெருவுல இருந்து பார்த்துட்டு, "பாவம், கொசு பிடுங்குது"ன்னு சொல்லி என்கிட்ட கொசுவத்தி கொடுத்தனுப்பினாரு. அப்படித்தான் அவரை முதல்ல கிட்டத்துல பார்த்தேன், நான் கொசுவத்தியோட, அவர் குச்சியோட. முதல் நாள் வேலைக்குக் கிளம்பறாரு, புஸ்தகத்துல படிச்ச தமிழ்ல எங்கம்மாகிட்ட, "நான் போறேன்"னாரு. எங்கம்மா கையில இருந்த முறத்தைப் போட்டுட்டு ஓடி வந்தாங்க. "ஐயையோ, போறேன்னு சொல்லாதப்பா, எழவு வீட்டு வார்த்தை, வரேன்னு சொல்லு!" இவருக்கு ஒண்ணும் புரியல. எங்கேயும் வரல, போகத்தானே போறேன்னு என்கிட்ட பிரெஞ்சுல கேட்கிறாரு. போறவங்க வரேன்னு சொல்லணும், நிக்கறவங்க போயிட்டு வாங்கன்னு சொல்லணும், அப்பத்தான் வாசப்படி தாண்டலாம்னேன். அன்னிக்கு அவர் வேலைக்கே போகல. திரும்ப மாடி ஏறி உட்கார்ந்து என்னமோ எழுதினாரு. "உங்க ஊர்ல யாரும் கிளம்பறதே இல்ல"ன்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சுபோனாரு. அவரோட சொந்த ஊர் பிரான்ஸ்ல மேற்குக் கடலோரம், அப்பா ரொட்டி சுடறவரு, ஊர்ல பாதி ஆம்பளைங்க படகுல போயிடறவங்க. போறேன்னு சொல்லிட்டுப் போனவங்களோட ஊரு அது. இவரோட அண்ணனும் அப்படித்தான் ஒருநாள் போறேன்னுட்டுப் போனவர், படகோட திரும்பி வரல. அது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும்.

முடிஞ்சுது முதல் பாகம். அவ்வளவுதான், பக்கத்துல என் தங்கச்சி பூங்காவனம் பட்டுன்னு கை தட்டிட்டா. பின்னாடி எங்க தெரு ஜனமும் தட்டுது. எங்க வரிசையிலயே ஓரமா இருந்த ஒரு வெள்ளைக்காரி திரும்பி உஸ்ஸுங்கறா, விரலை உதட்டுல வச்சு, எல்.கே.ஜி. பிள்ளைக்குக் காட்டற மாதிரி. பூங்காவனத்துக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. "இன்னாக்கா, நம்ம மாமா பாட்டுக்கு நாம தட்டக்கூடாதா?" ரெண்டு கையையும் தொடைக்கு அடியில செருகிக்கிட்டு உட்கார்ந்துட்டா. பஸ்தியேன் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறான், திரும்பக்கூட இல்ல. அவரா இருந்தா திரும்பியிருப்பாரு. திரும்பித்தானே எல்லாத்தையும் இழந்தாரு. அந்தச் சுரங்க ஊர்ல பேப்பர்காரி ஒருத்தி பேட்டி எடுக்க வீட்டுக்கு வந்தா, "உங்க கணவரை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?"ன்னு கேட்டா. ஏங்கன்னு கூப்பிடுவேன்னேன். அடுத்த வாரம் பேப்பர்ல வருது, அவரோட இந்திய மனைவி அவரை "யேங்கா" என்ற புனிதப் பெயரால அழைக்கிறாள்னு. இவரும் லேசுப்பட்டவர் இல்ல, கல்யாணமான புதுசுல மூணு மாசம் அதுதான் தமிழ்ல அவர் பேருன்னு நம்பிக்கிட்டு இருந்தாரு, மார்க்கெட்டுல எவளோ எவனையோ ஏங்கன்னு கூப்பிட, இவர் திரும்பிப் பார்த்து "என்ன?"ன்னாரு. செண்பகவல்லிங்கற என் பேரை அவர் மட்டும்தான் ஒழுங்கா சொன்னாரு. பஸ்தியேன் அச்சடிச்ச புஸ்தகத்துல நான் "ஷம்பா". ஊக்கம் அளித்த கீழ்த்திசைத் துணையாம். எவன்டா ஊக்கம் அளிச்சது? ஒரு சுரம்கூட எழுத வராம அவர் வருஷக்கணக்கா முட்டிக்கிட்டு நின்னப்போ, நான் ஊக்கம் எல்லாம் அளிக்கல, திட்டினேன். வேலை போய், புதுச்சேரிக்கே திரும்பி வந்தப்புறம் நாள் பூரா ஜன்னல்கிட்ட சும்மா நிப்பாரு, கையைக்கூட வீச மாட்டாரு. "கொசுவாவது ஓட்டுங்களேன்"னு சொன்னேன் ஒருநாள். அப்பத்தான் சிரிச்சாரு. மறுநாள்ல இருந்து இதை எழுத ஆரம்பிச்சாரு. பஸ்தியேன் பேச்சுல அந்த வருஷங்களுக்குப் பேர் "தியான மௌனம்". தியானமாம்!

ரெண்டாவது பாகம் செல்லோவுல, அந்தப் பெரிய வயலின்ல, கீழயே தவழ்ந்துக்கிட்டு இருக்கு. எனக்கு இது பிடிக்கல, அவர்கிட்டயே சொன்னேன், தூக்கம் வருதுன்னு. ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கு. எழுதறப்போ அவருக்குத் தெரியுமா, அங்கதான் போகப் போறோம்னு? நெஞ்சு வலின்னு சேர்த்தோம். மூணாவது நாளோ நாலாவது நாளோ, எழுந்து உட்கார்ந்து பேசினாரு, நல்லாத்தான் இருந்தாரு. கஞ்சி வச்சு எடுத்துக்கிட்டு வரலாம்னு பையை எடுத்தேன். படுக்கையில இருந்துக்கிட்டு அவர் சொல்றாரு, "வல்லி, வரேன்." எனக்குச் சுர்ருன்னு வந்துது. "கிளம்பறவ நான். நான்தான் வரேன்னு சொல்லணும், நீங்க போயிட்டு வான்னு சொல்லணும். இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் மாத்தியே சொல்றீங்களே!" சிரிச்சாரு. திருத்திக்கவும் இல்ல. நான் படியிறங்கிட்டேன். கஞ்சி கொதிக்கறதுக்குள்ள போன் வந்துடுச்சு. எனக்கு இன்னிக்கு வரைக்கும் அழுகையை விடக் கோபம்தான் வருது. அது என்ன மரியாதை? வரேன்னு சொன்னா நிக்கணும். வாசல்ல இருக்கறவ பதில் சொல்ற வரைக்கும் செருப்பை மாட்டிக்கிட்டு நிக்கறதுதானே முறை? எங்கம்மா அவ்வளவு சொல்லிக் கொடுத்தாங்களே! பதில் வாங்காம எப்படிப் போவீங்க? நான் யாருக்குச் சொல்றது இப்ப அந்தப் பதிலை, சுவத்துக்கா, நிபுணர்களுக்கா? ரெண்டாவது பாகம் முடிஞ்சிருச்சு போல, யாரும் தட்டல, எல்லாரும் இருமறாங்க. இருமலாமாம், தட்டத்தான் கூடாதாம்.

இதுதான் கடைசி. இது என் காதுல ஊறிப்போனது, சமையல்கட்டுல இருந்தே கேட்டுக் கேட்டு. மொத்தக் கூட்டமும் கல்யாண வீடு மாதிரி சத்தம் போடும், அப்புறம் ஒவ்வொருத்தரா நழுவுவாங்க, புல்லாங்குழல் போகும், செல்லோ போகும், கடைசியில வியோலா மட்டும் நிக்கும். வியோலா வயலினுக்கு அக்கா மாதிரி, கொஞ்சம் பெருசு, கொஞ்சம் கரகரப்பு. அது ரெண்டே ரெண்டு சுரம் வாசிக்கும், கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. வ. ரேன். மேல போய் அப்படியே நிக்கும். அன்னிக்குப் பியானோவுல அதை வாசிச்சுக் காட்டிட்டு, "முடிஞ்சிது வல்லி, காபி கொடு"ன்னாரு. "என்னங்க இது, பாதியில நிக்குதே?"ன்னேன். "பாதி இல்ல. வாசப்படி"ன்னாரு. காபி ஆத்திக்கிட்டு இருந்த கை அப்படியே நின்னுபோச்சு எனக்கு. இதைத்தான்டா உன்கிட்ட சொன்னேன் நேத்து, இந்த வாசப்படியை, சிரிச்சியே! வந்துட்டுது, கல்யாண வீட்டுச் சத்தம் வந்துட்டுது. ட்ரம்பெட் ரெண்டும் பின்னாடி, மடியில குழந்தையைப் படுக்க வச்ச மாதிரி படுத்திருக்கு. அவங்க மேல தப்பு இல்ல, தாள்ல இருக்கறதை ஊதுவாங்க. புல்லாங்குழல் போயிடுச்சு. நான் எழுந்து கத்தினா என்ன நினைப்பாங்க, கிழவிக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு, அவ்வளவுதானே? பஸ்தியேன் மறுபடி ஒரு தடவை வாசிச்சுப் பதிவு பண்ணிப்பான். பண்ணட்டும். இல்ல, பண்ணக்கூடாது. நாளைக்கு இந்த வாத்தியக்காரங்க எல்லாம் பிரான்ஸுக்கு ப்ளேன் ஏறணும், இன்னிக்கு ராத்திரி ஒண்ணுதான். செல்லோ போகுது. ஒருத்தன் வில்லைக் கீழ வச்சுட்டான். இன்னொருத்தன். அடடா, எவ்வளவு நல்லா போறாங்க ஒவ்வொருத்தரும், ஏங்க, கேட்கறீங்களா, ஒருத்தரும் படியில இடிச்சுக்கல. ட்ரம்பெட்காரங்க எடுக்கறாங்க. வாய்கிட்ட கொண்டு போறாங்க. நான் இன்னும் உட்கார்ந்துதான் இருக்கேன், என் முட்டிக்கு என்ன கேடு, பொன்னாடை வேற மடியில வழுக்குது. வியோலாக்காரி தனியா நிக்கிறா, நரைச்ச தலை, அவளும் அந்தச் சுரங்க ஊர்ல இவர்கிட்ட வாசிச்சவதான். கீழ் சுரம். வ.

ரேன்.

நிக்குது. மேலேயே நிக்குது. பஸ்தியேன் இடது கை ட்ரம்பெட்டுப் பக்கம் போகுது, பாவி, போகுது. நான் எழுந்துட்டேன். எப்படி எழுந்தேன்னு தெரியல, பொன்னாடை கீழ கிடக்கு. கடைசி பெஞ்சுக்கும் கேட்கற வகுப்புக் குரல்ல, ரிட்டையர் ஆகியும் அது போகல எனக்கு, சொன்னேன். "சரிங்க. போயிட்டு வாங்க."

வெள்ளைக்காரி திரும்பிப் பார்க்கிறா, விரலைத் தூக்கறா, உஸ்ஸுக்கு வாயைக் குவிக்கிறா. பஸ்தியேன் கை அந்தரத்துல. பூங்காவனம் என் முந்தானையைப் பிடிச்சு இழுக்கறா. "அக்கா, முடிஞ்சுதா? இப்பத் தட்டலாமா?" தட்டுடி, பூங்காவனம், தட்டுடின்னேன். தொடைக்கு அடியில இருந்து கையை உருவினாளே பார்க்கணும்! சாயங்காலத்துல இருந்து அடக்கி வச்சிருந்தது அத்தனையும் சேர்த்துத் தட்டினா. பின்னாடி எங்க தெரு தட்டுது, மாடியில தட்டறாங்க, அவரோட வீட்டுக்காரம்மாவே எழுந்துட்டாங்களே, அப்ப முடிஞ்சிருச்சுன்னு சபை பூரா எழுந்து தட்டுது, அந்த வெள்ளைக்காரியும் குவிச்ச வாயோட எழுந்து தட்டறா. வியோலாக்காரி வில்லை இறக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறா. பஸ்தியேன் திரும்பினான். மூஞ்சி செக்கச்செவேல்னு இருக்கு. தலையை ஆட்டறான், கையை நீட்டறான், இல்ல இல்லங்கறான், இன்னும் இருக்குங்கறான், இவங்க அதைப் பார்த்து இன்னும் பலமா தட்டறாங்க, விசில் வேற. எத்தனை நேரம்தான் தாங்குவான்? கைதட்டல் கேட்டும் குனியாத கண்டக்டர் இன்னும் பொறக்கல. குனிஞ்சான். அவன் குனிஞ்சதைப் பார்த்ததும் பின்னாடி ட்ரம்பெட் ரெண்டும் திரும்ப மடிக்கு இறங்கிடுச்சு. கம்பியில தொங்கற மைக் எல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கு, கேட்கட்டும், எங்கம்மா சொல்லிக் கொடுத்த முறையும் சேர்ந்தே அச்சாகட்டும். நான் மட்டும் தட்டல. வாசல்ல நின்னு வழியனுப்பறவ கை தட்டுவாளா? கையைத் தூக்கி ஆட்டினேன்.